பச்சை விளக்கு எரிந்த சார்ஜர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் ஆளைத் தேடுவேன். காரணத்தை அப்புறம்தான் தேடுவேன். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். லேப்டாப் செத்துப்போன அன்றைக்கும் அதையேதான் செய்தேன்.

அது ஒரு புதன்கிழமை காலை. மறுநாள் பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. சாப்ட்வேரில் எங்கே என்ன பிழை இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் பெங்களூரில் இதே வேலையைப் பார்த்தவள் நான். அப்புறம் தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, இரண்டு பிள்ளைகள், தக்காளித் தோட்டம், கறவை மாடு என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்த பிறகு எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன். இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்பதற்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. இவர்கள்தான் கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டே திரையில் ஒரு தேர்வும் செய்ய வேண்டியிருக்கும், அதனால் போனில் வராதீர்கள், லேப்டாப்பில் வாருங்கள் என்று மெயிலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

அந்த லேப்டாப்பைக் காலையில் திறந்தால் திரை கறுப்பாகவே இருந்தது.

பட்டனை அழுத்தினேன். முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். சார்ஜரைப் பிடுங்கி அடுப்படி பிளக்கில் போட்டேன், டிவி பிளக்கில் போட்டேன். சார்ஜரில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. லேப்டாப்பில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. போனில் நாலு வீடியோ பார்த்தேன், நாலும் நாலு விதமாகச் சொன்னது. விளக்கு எரிகிறது, ஆகவே சார்ஜர் நன்றாக இருக்கிறது. சார்ஜர் நன்றாக இருந்தால் போனது பேட்டரிதான். இப்படி இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டேன். பிழை கண்டுபிடிக்கிற வேலைக்குப் போகிறவள் அல்லவா!

தீர்ப்பு எழுதியாயிற்று, குற்றவாளி வேண்டுமே. என் வீட்டுக்காரர் இருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் கட்டிலில் படுத்துக்கொண்டு, தக்காளிச் செடி சுருண்டு போவதற்கு என்ன செய்வது என்று அந்த லேப்டாப்பில் பார்த்தவர் அவர். எழும்போது அது தலையணையோடு சரிந்து கீழே விழுந்தது. தலையணைமேல்தான் விழுந்தது, அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஓடவும் செய்தது. ஆனால் கோபத்தில் இருப்பவளுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா?

"உங்க கை பட்டா எதுதான் உருப்படும்? நாளைக்கு இன்டர்வியூன்னு தெரிஞ்சே ஒடச்சு வச்சிருக்கீங்களே!"

அப்போதுதான் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்திருந்தார். முதுகிலிருந்த பேட்டரி ஸ்பிரேயரை இறக்கி, கூடத்து ஜன்னலோரம் சாக்குகளுக்குப் பக்கத்தில் வைத்து, மறுநாளைக்கு ஆகட்டும் என்று சார்ஜில் போட்டார். நான் கத்தி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்கு இன்னும் எரிச்சல்.

தர்மபுரியில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். பச்சை லைட் எரிகிறது என்றதும், "அப்ப பேட்டரிதாங்க. வரவழைக்கணும், மூணு நாள் ஆகுமுங்க" என்றார்கள். என் தீர்ப்பே உறுதியாகிவிட்டது. மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே அழுதேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு கதவு திறந்தது, அதுவும் இப்படியா என்று இருந்தது.

"பாலக்கோட்டுல ஒரு அம்மா இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர், கை கால் கழுவிக்கொண்டே. "மண்டிக்காரங்க கம்ப்யூட்டர் எல்லாம் அதுதான் பாக்குது. போயிட்டு வா. மாட்ட நான் பாத்துக்கறேன்."

திட்டு வாங்கியவரே வழியும் சொல்கிறார். நான் லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் கடை. முன்பக்கம் செல்போன் கவர், கண்ணாடி எல்லாம் தொங்கவிட்டு அந்த அம்மாவின் கணவர் வியாபாரம் பார்க்கிறார். பிளைவுட் தடுப்புக்கு உள்ளே, ஒரு விளக்குக்கு அடியில், அந்த அம்மா. அம்மா என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது மரியாதைக்கு. வயது என்னைவிட இரண்டு மூன்று குறைவாகவே இருக்கும். தலையில் துணியை இறுக்கிப் பின் குத்தியிருந்தார். போனில் வீட்டாரோடு உருதுவில் பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது மேசைமேல் இருந்த இட்லித் தட்டு. கழற்றிய ஸ்குரூக்களை அளவு வாரியாக ஒவ்வொரு குழியிலும் போட்டு வைத்திருந்தார். ஒரு ஸ்குரூகூட மேசைமேல் அனாதையாகக் கிடக்கவில்லை. இவ்வளவு கோபத்திலும் அது எனக்குப் பிடித்துப்போனது.

"பேட்டரி போயிடுச்சுங்க. மாத்திக் குடுங்க. நாளைக்கு பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ."

"பேட்டரி போயிடுச்சுன்னு யாருங்க்கா சொன்னது?"

"நான்தான்."

சிரிக்கவில்லை. "சரிங்க்கா, அப்படியே இருக்கட்டும். கடைசியா எப்ப ஓடுச்சு? அப்ப சார்ஜ்ல போட்டிருந்தீங்களா, சும்மா ஓடுச்சா?"

"நேத்து மத்தியானம் ஓடுச்சு. சார்ஜ் கம்மியாயிடுச்சுன்னு சாயந்தரம் சார்ஜ்ல போட்டேன். காலைல பாத்தா இப்படி."

"ராத்திரி முழுக்க சார்ஜ்ல இருந்தும் ஏறல. சரி."

லேப்டாப்பை அவர் தொடவே இல்லை. அதைத் திறந்து ஸ்குரூவைக் கழற்றுவார் என்று பார்த்தால், சார்ஜரை எடுத்துத் தன் பிளக்கில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பாருங்க, எரியுதுல்ல? சார்ஜர் நல்லாத்தான் இருக்குது" என்றேன். எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

"லைட்டு எரிஞ்சா உள்ள கரண்ட் போகுதுன்னுதாங்க்கா அர்த்தம். வெளிய எவ்வளவு வருதுன்னு அந்த லைட்டுக்கு என்ன தெரியும்?"

நான் பார்த்த நாலு வீடியோவிலும் இந்த ஒரு வார்த்தை இல்லை. அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சார்ஜர் ஒயரை ஒரு முனையிலிருந்து விரல்களுக்கு நடுவில் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய இடத்தில் விரல் நின்றது. அதை முகர்ந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"தக்காளி போட்டிருக்கீங்களாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு என் பிழைப்பு என்ன ஆகும் என்று வந்து நிற்கிறேன், இந்த அம்மா தக்காளி விலை பேசப்போகிறதா?

"போட்டிருக்கோம். அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

அவர் மறுபடி பிளக்கில் போட்டு, மீட்டரை எடுத்தார். சார்ஜர் பின்னின் ஓட்டைக்குள் ஒரு முனை, வெளிப்பக்கம் ஒரு முனை. மீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். பதிமூன்று சொச்சம் காட்டியது.

"உங்க லேப்டாப்புக்கு பத்தொம்பது வோல்ட் வேணும், அடியில எழுதியிருக்குது பாருங்க. இதுல பதிமூணுதான் வருது. சார்ஜர் கெட்டுப் போகலைங்க்கா. இது லேப்டாப் சார்ஜரே கெடையாது. மருந்தடிக்கிற மெஷினோடது. ஒயர்ல மருந்து வாசன வருது."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. லேப்டாப்போடு வந்த சார்ஜரை எலி கடித்துவிட்டது என்று போன வருடம் வேறொன்று வாங்கினோம், பேரில்லாத கறுப்பு டப்பா. எலி கடித்ததை எங்கள் வீட்டில் தூக்கிப் போட்டால்தானே? ஸ்பிரேயர் சார்ஜரின் பின் உடைந்தபோது, என் வீட்டுக்காரர் அந்தப் பழைய ஒயரின் முனையை வெட்டி அதில் ஒட்டவைத்து டேப் சுற்றினார். அதற்குப் பொருத்தமான சாக்கெட்டையும் ஸ்பிரேயரில் மாட்ட வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கறுப்பு டப்பா, இரண்டுக்கும் ஒரே பின். இரண்டும் ஜன்னலோரத்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் தொங்கும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இட்லிக்கு மாவாட்ட கிரைண்டரை அங்கே இழுத்துப் போட்டு, இரண்டு சார்ஜரையும் பிடுங்கிச் சுருட்டி வைத்தது யார்? நான். ஆட்டி முடித்து, கையில் கிடைத்த ஒன்றை லேப்டாப்பில் சொருகியது யார்? அதுவும் நான்.

முகம் சூடாகிவிட்டது. இந்த அம்மா இப்போது ஒரு சிரிப்பு சிரித்தால் எழுந்து போய்விடுவேன் என்றிருந்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய யோசனை வேறெங்கோ இருந்தது. சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்ப உங்க லேப்டாப் சார்ஜர் இப்ப எதுலக்கா போட்டிருக்குது?"

காலையில் சாக்குகளுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் இறக்கி வைத்த ஸ்பிரேயர் கண்முன் வந்தது.

"போன் போடுங்க. இப்பவே போடுங்க. மெஷின தொட வேண்டாம், மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

இரண்டு தடவை மணி அடித்து நின்றுவிட்டது. மூன்றாவது தடவைதான் எடுத்தார், மாட்டுக்கொட்டகையில் இருந்தாராம். சொன்னேன். ஓடுகிற சத்தம் கேட்டது. சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எதையோ தரதரவென்று இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். "பக்கத்துல போனாலே அனல் அடிக்குது. அடிப்பக்கம் பேட்டரி உப்பிக்கிட்டு வந்திருக்குது. சாக்கெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டேன். ஒண்ணும் ஆகல, நீ பயப்படாத."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் ஒரு லேப்டாப்பைத்தான் கொண்டு வந்தேன். என் லேப்டாப்புக்கு என்ன என்பது மீட்டரைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முடிந்திருக்கும், நானாக இருந்தால் நிச்சயம் முடிந்திருக்கும். இவருக்கோ இங்கே ஒன்று தப்பாக வந்திருந்தால் அங்கே ஒன்று தப்பாக நிற்கும் என்று உடனே தோன்றியிருக்கிறது. பார்த்தே இராத என் வீட்டுக் கூடத்தை, இந்தச் சந்துக் கடையில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டார். பெங்களூரில் பெரிய பெரிய ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இப்படி யோசிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் லேப்டாப் பக்கம் வந்தார். தன் மேசையில் இருந்த பத்தொன்பது வோல்ட் சார்ஜரைப் போட்டார். ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டனை அழுத்தினார், திரை வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியலைங்க்கா. பேட்டரியையும் பாத்துடலாம்."

அரை மணிக்கு மேல் சார்ஜ் ஏறவிட்டார். நடுவில் இரண்டு போன்களைப் பார்த்து அனுப்பினார். அப்புறம் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிற ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். புதிதாக வாங்கியபோது பேட்டரி எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் இருந்தது. அதை மட்டும் நம்பவில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பேட்டரி போகலைங்க்கா. வயசாயிடுச்சு, அவ்வளவுதான். முழுசா ஏத்துனா இருவது நிமிசம் தாங்கும்."

"மாத்திடுங்களேன்" என்றேன். அந்த நேரத்தில் கடையையே வாங்கிக்கொள்ளச் சொன்னாலும் சரியென்றிருப்பேன்.

"எதுக்கு? வூட்டுல பிளக்குல போட்டே பாக்கறவங்களுக்கு இது போதும். வீணா எதுக்கு மாத்தறீங்க?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா நாளைக்கு இன்டர்வியூன்னீங்களே, எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"உங்க ஊருல பதினோரு மணிக்கு கரண்ட் போகாம இருக்குமா?"

எங்கள் ஊர் கரண்டைப் பற்றிப் பாலக்கோட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இங்க வந்துடுங்க்கா. இன்வெர்டர் இருக்குது."

மறுநாள் பத்து மணிக்கே போய்விட்டேன். அந்த அம்மா தன் மேசையிலேயே என்னை உட்கார வைத்தார். என் முதுகுக்குப் பின்னால் இருந்த உடைந்த கீபோர்டு குவியலை ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். போன் பாகங்களைச் சூடு காட்டிக் கழற்றுகிற, சத்தம் போடும் சூட்டுக்காற்று மெஷினை நிறுத்திவிட்டார். முன்பக்கம் கணவரிடம் ஏதோ சொன்னார், வாடிக்கையாளர்கள் எல்லாரும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்காக ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பெங்களூரிலிருந்து இரண்டு பேர் பேசினார்கள். தேர்வை ஒருவழியாகச் செய்து முடித்தேன். பாதியில் மின்விசிறி நின்றது, கரண்ட் போய்விட்டது. எங்கோ பீப் என்று ஒரு சத்தம், மறுபடி விசிறி சுற்றியது. திரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவர்களில் ஒரு பெண் இங்கிலீஷில் கேட்டார், கடைசியாக நீங்கள் பார்த்த ஒரு பிழையையும், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்று.

இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த ஒரு பிழை. மனப்பாடம் செய்ததில் இரண்டு வாக்கியம் சொன்னேன், எனக்கே புளித்துப்போய் இருந்தது. நிறுத்திவிட்டு, நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

சொன்னேன். பச்சை விளக்கைப் பார்த்து நான் எழுதிய தீர்ப்பு, அவர் ஒயரை முகர்ந்தது, மீட்டர், பதிமூன்று வோல்ட், போன், உப்பிப்போன பேட்டரி எல்லாம் சொன்னேன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, தப்பைச் செய்ததுதான் நான், கண்டுபிடித்தவர் இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னேன். இனி யாராவது விளக்கு எரிகிறது என்று சொன்னால் நான் வெளியே எவ்வளவு வருகிறது என்று கேட்பேன் என்றேன். என் வாயால் தப்பு என்னுடையது என்று நான் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. அதுவும் முகம் தெரியாத இரண்டு பேரிடம்.

வெளியே வந்தபோது அந்த அம்மா, "என்னப் பத்தி எதுக்குங்க்கா அங்கெல்லாம் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டார். முகம் சிவந்திருந்தது. உடனே உள்ளே போய்ச் சூட்டுக்காற்று மெஷினைப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். பேட்டரி ஸ்பிரேயர் வீணாகிவிட்டதால், யார் வீட்டிலிருந்தோ கைப்பம்பை வாங்கி வந்திருந்தார். ஒரு கை பம்பை அடிக்க, ஒரு கை குழாயைப் பிடிக்க, சட்டை முழுக்க வேர்வை. முந்தின நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கேட்கவில்லை. வரப்பில் நின்றபடியே சொன்னேன்.

"சார்ஜர மாத்திப் போட்டது நான்தான். செவ்வாக்கெழம மாவாட்டறப்ப."

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"நீ போன் பண்ணப்பவே. மெஷின்ல மாட்டியிருந்த ஒயர்ல டேப்பே இல்லியே."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? அவ்வளவு திட்டுனேனே."

"இன்னிக்கு உனக்கு இன்டர்வியூ. அதுக்கு முந்தி கேட்டு என்ன ஆகப்போகுது?" பம்பைத் தோளில் சரி செய்துகொண்டு அடுத்த சாலுக்குப் போய்விட்டார்.

இந்த மனிதரோடு பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன். எங்கே பேசக்கூடாது என்று இவருக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஸ்வீட் டப்பாவோடு பாலக்கோட்டுக்குப் போனேன். லேப்டாப்பையும் எடுத்துப் போனேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை, அதுவும் வர வேண்டும் என்று தோன்றியது. சொன்னதும் அந்த அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. கணவரைக் கூப்பிட்டு உருதுவில் சொன்னார், அவரும் வந்து ஸ்வீட் எடுத்துக்கொண்டார். நான் என்னவெல்லாமோ நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா அதைக் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு, என் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"பேட்டரிய மாத்திடலாங்க்கா."

"போன வாரம் இது போதும்னீங்களே?"

"போன வாரம் இது வூட்டுல சும்மா இருந்த மெஷின். இனிமே வேலைக்குப் போகுதில்ல?" என்று சொல்லிவிட்டு, இட்லித் தட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்து முதல் ஸ்குரூவைக் கழற்றினார்.